மலைநாட்டுப் பெண்களும் நடைப்பயணமும்

நற்காரியம் ஒன்றை நெஞ்சில் நிறுத்தி நெடுந்தூரம் நடப்பது தமிழ் மக்களுக்குப் புதிய வழக்கம் அன்று. கதிர்காமத்துக்கும் பழனிக்கும் காவடி தூக்கிக் கால்நடையாகச் செல்வோரும், மடுமாதா திருவிழாவுக்கு வன்னிக் காட்டுவழியே நடந்து சென்றோரும் நம்மவரே. ஆனால், நடப்பவர் தமது நடையை முன்வைத்துப் பிறரிடம் பொருள் திரட்டி, அப்பொருளைப் பொதுக்காரியம் ஒன்றுக்கு வழங்கும் வழக்கம் பிற்காலத்தே வந்தது. இத்தனை மைல் நடந்தால் இத்தனை ரூபா தருவேன் என்று உற்றாரும் வணிகரும் வாக்களிப்பர். நடப்பவர் நடந்து முடித்ததும் அத்தொகை உரிய இடத்தைச் சேரும். இதனைத் தருமநடை என்று சொல்லலாம்.

பெண்களின் பாதுகாப்புக்காகவும் உரிமைக்காகவும் இத்தகைய நடைகளும் ஊர்வலங்களும் மலைநாட்டு நகரங்களில் இப்போது நிகழ்கின்றன. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாள் என்று நவம்பர் 25ஆம் நாளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்நாள் தொடங்கி மனித உரிமை நாளாகிய டிசம்பர் 10 வரையுள்ள பதினாறு நாள்களை இப்பணிக்கென ஒதுக்கும் வழக்கமோ அதற்கும் முன்னரே, 1991ஆம் ஆண்டில் தொடங்கிவிட்டது. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ இந்நாள்களில் பதாகை ஏந்திய பெண்கள் கடைவீதி வழியே நடந்து செல்வதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். உடப்புசல்லாவை போன்ற ஓர் ஊரில் இத்தகைய நடையொன்றை ஏற்று நடத்த முற்படுவோர், தாம் கால் வைக்கும் பாதையில் தமக்கு முன்னே நடந்த பெண்கள் எவர், எதற்காக நடந்தனர் என்பதை அறிந்துகொள்வது நன்று.

நுவரெலியாவிலிருந்து கிழக்கே கந்தப்பளை, இராகலை வழியாகச் செல்லும் மலைப்பாதையில் உடப்புசல்லாவை உள்ளது. மத்திய மலைத்தொடரின் கீழைச் சரிவில், ஊவாவை நோக்கி அமைந்த பகுதி அது. இலங்கைத் தேயிலையை வாணிகத்தார் ஏழு வட்டாரங்களாக வகுப்பர். அவற்றுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்வூரின் பெயரால் ஓர் இருப்புப்பாதையும் முன்னாளில் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை 1903ஆம் ஆண்டிலும், அங்கிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை 1904ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்ட அச்சிறிய பாதையின் அகலம் இரண்டடி ஆறங்குலமே. அது பெரிதும் தேயிலைப் பெட்டிகளுக்காகவே இடப்பட்டது. மோட்டார் வண்டிகளின் போட்டியைத் தாங்கமாட்டாமல் 1940ஆம் ஆண்டளவில் அதில் பிரயாணிகள் போக்குவரவு நின்றது; 1948ஆம் ஆண்டில் பாதையே கைவிடப்பட்டது. தேயிலைப் பெட்டிக்கு வண்டி வந்த அக்காலத்திலும், கொழுந்து கிள்ளிய பெண் காலையில் மலையேறியதும் மாலையில் லயத்துக்கு இறங்கியதும் கால்நடையாகத்தான். இந்த ஒரு செய்தியில் பின்வரும் வரலாற்றின் பெரும்பகுதி அடங்கும்.

மலைநாட்டுத் தமிழரின் வரலாறே ஒரு நடையில் தொடங்குகிறது. கோப்பிப் பயிர் செழித்த 1830ஆம், 1840ஆம் ஆண்டுகளில் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகச் சென்ற அந்த வடபாதையில் அக்காலத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் நடந்தோரைத் தொடர்ந்து வந்தன. நோயுற்று வீழ்ந்தவரை வழியோரத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் மேலே நடந்தது. எழுபதாயிரம் பேர் மாண்டனர் என்று 1849ஆம் ஆண்டில் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அக்கணக்கில் ஐயம் எழுப்பும் வரலாற்றாசிரியர் உளர்; ஆயினும் அவ்வழியில் பெருந்தொகையினர் மடிந்தனர் என்பதை மறுப்பார் இலர். வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் நோய் பார்க்கும் இடங்களும் பின்னரே அமைந்தன. தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்து, கடலுக்கு இருபுறமும் வண்டித்தொடர்பு ஏற்பட்டது 1914ஆம் ஆண்டில்தான்.

அந்தத் தொடக்க காலத்து நடையில் பெண்கள் மிகச் சிலரே. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் மிகுதியாக வேண்டும். பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவர். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் தேயிலை பயிரிட்டதும், அடுத்த பத்தாண்டுகளில் ஒருவகை இலைநோய் கோப்பியை அழித்ததும் இந்த நிலையை அடியோடு மாற்றின. தேயிலைக்குப் பருவ ஓய்வு இல்லை. ஆண்டு முழுதும் சில நாளுக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்து எடுத்தாக வேண்டும். இவ்வேலைக்குப் பெண்களே ஏற்றவர் என்று தோட்டத்துரைமார் முடிவு செய்தனர். பெண்ணின் விரல் மென்மையானது என்று அவர்கள் காரணம் கூறினர். பெண்ணுக்குக் கூலி குறைவு என்பதும், குடும்பம் உடன் வந்தால் ஆண் தோட்டத்தை விட்டு ஓடான் என்பதும் அவர்கள் உரக்கக் கூறாத காரணங்கள். இவ்வாறுதான் கங்காணியின் பின்னே குடும்பம் குடும்பமாகப் பெண்கள் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தனர்.

வந்த பெண்ணின் நிலை யாது? தப்படிக்கும் ஓசை கேட்டு விடியுமுன் எழுவாள். அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடுவாள். அங்கிருந்து மலைக்கு, மலையிலிருந்து நிறுவைக்காக மடுவத்துக்கு, மீண்டும் மலைக்கு என்று கூடை சுமந்து அவள் நடக்கும் தூரத்தை எந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் எழுதிவைத்ததில்லை. கவ்வாத்து வெட்டும் ஆணின் கணக்குவேலை நண்பகலோடு முடிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலை மாலை வரை நீளும். 1927ஆம் ஆண்டின் குறைந்த கூலிச் சட்டத்தின்கீழ் 1929ஆம் ஆண்டில் மலைநாட்டுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அந்த 43 சதமும் பல குடும்பங்களில் அவள் கைக்கு வருவதில்லை. சம்பளநாளில் கணவனோ தந்தையோ சென்று அவள் பெயருக்குரிய பணத்தையும் சேர்த்தே வாங்கிவருவது வழக்கமாயிற்று. அதில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் போயிற்று. போனதற்குக் கணக்குக் கேட்ட பெண் அடிவாங்கினாள். இல்லத்துள் நடக்கும் கொடுமையும் சம்பள மேசையில் நடக்கும் அநீதியும் தனித்தனியானவை அல்ல என்பதை லயத்துப் பெண் அறிவாள். சட்டம் இயற்றியோர் அதனை அறிய நெடுங்காலம் சென்றது.

தோட்டத்துத் தொழிலாளரை ஓரிடத்தில் கட்டிவைத்திருந்த துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிந்தது. கடன் தீராமல் தோட்டம் மாற இயலாதபடி தடுத்த சீட்டு அது. வேலையை விட்டுச் செல்வோரைச் சிறையிலிட இடந்தந்த சட்டப் பிரிவுகளும் அடுத்த ஆண்டில் நீங்கின. இவையெல்லாம் நல்ல மாறுதல்களே. எனினும், தோட்டம் துரையின் தனிச்சொத்து என்னும் நிலை மாறவில்லை. தொழிலாளரைக் காண வெளியார் எவரேனும் உள்ளே நுழைந்தால் அது அத்துமீறிப் புகுந்த குற்றம். கோதண்டராம நடேசய்யர் தோட்டங்களின் உண்மை நிலையை அறிவதற்காகப் புடவை வியாபாரி போல வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

நடேசய்யரைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர் மனைவியார் மீனாட்சியம்மாளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பெண்களின் உரிமைக்காக மலைநாட்டில் நடந்தோரின் வரலாறு என்று எழுதினால் அதன் முதற்பக்கம் அவ்வம்மையாருக்கே உரியது.

1931ஆம் ஆண்டில் நடேசய்யர் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். மீனாட்சியம்மாள் அச்சங்கத்தின் வேலையில் மட்டுமன்றிப் பத்திரிகை வேலையிலும் அவருக்குத் தோள்கொடுத்தார்; 'தேசபக்தன்' பத்திரிகையில் பெண்களைப் பற்றி எழுதினார். ஆனால் எழுத்தறியாத பெண்ணுக்குப் பத்திரிகையால் என்ன பயன்? அதனால் அவர் பாட்டைக் கையிலெடுத்தார். மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் இன்னல்களையும் உரிமைகளையும் பாட்டாகக் கட்டினார். தோட்டந்தோறும் சென்று, கூட்டம் தொடங்குமுன் அவர் பாடுவார். பாட்டைக் கேட்டு லயங்களிலிருந்து மக்கள் வருவர். அதன் பின்னர் பேச்சு நடைபெறும். அப்பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் 1940ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அம்மையாரின் துணிவு விளங்கும். அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலையிலிருந்து நீக்கும் நடவடிக்கை 1939ஆம் ஆண்டில் தொடங்கியிருந்தது. ஜவகர்லால் நேரு அவ்வாண்டு ஜூலை மாதத்தில் இலங்கைக்கு வந்தார். அவர் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். சங்கம் என்ற சொல்லை உச்சரித்தாலே வேலை போய்விடும் என்று தொழிலாளர் அஞ்சிய காலம். அக்காலத்தில் ஒரு பெண் மேடையேறிப் பாடுவதையே நாகரிகக் குறைவு என்று கருதியோர் நம்மவரிலும் இருந்தனர். நாடகமேடைக்குரிய பாட்டைக் குலமகள் ஒருத்தி தெருவில் பாடலாமா என்று கேட்போருக்கு அம்மையார் மறுமொழி எழுதிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த தோட்டத்துக்குச் சென்றார்.

இங்கே கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு நடையையும் நினைவுகூர்வது பொருந்தும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டனர்; ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தனர். அவர்கள் நடந்த தூரமும் ஏறத்தாழ நூற்றைம்பது மைலே. வேதாரணியத்து உப்புப் போராட்டத்தில் ஈடுபட்ட ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் சிறைத்தண்டனை பெற்றார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதற்பெண்மணி அவர் என்பர். பின்னர் 1946ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரும் ஆனார். வேதாரணியத்துக் கடற்கரையில் நின்றால் இலங்கை கிட்டத்தான். ஒரு கரையில் நடந்தவர்கள் ஊர்தோறும் மாலை பெற்றனர். மறுகரையில் அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் அதே தூரத்தை நடந்தவர்களுக்கு வழியிலே தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை.

பெண்ணுரிமைக்காகப் பொருள் திரட்டியபடியே நடந்த முன்மாதிரியை இங்கிலாந்தில் காணலாம். வாக்குரிமை கோரிய பெண்கள் 1913ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டின் நாற்றிசையிலிருந்தும் இலண்டனை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். மிலிசென்ட் பாசெற் அம்மையாரின் சங்கத்தைச் சேர்ந்த அவர்கள் கல்லெறியவும் தீவைக்கவும் விரும்பாதவர்கள். தம் நடையை யாத்திரை என்றே அழைத்தனர். ஊர்தோறும் கூட்டம் போட்டனர், உண்டியல் குலுக்கினர், சில ஊர்களில் அழுகிய முட்டையும் கல்லும் அவர்கள்மீது விழுந்தன. ஜூலை 26ஆம் நாள் ஹைட் பார்க் திடலில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கூடினர். அவர்கள் திரட்டிய பணம் அவர்களுடைய இயக்கத்துக்கே சென்றது. ஏழைப் பெண்களுக்கு இரங்கி எவரோ ஈந்த பிச்சையாக அதனை அவர்கள் கருதவில்லை. தம் உரிமைப் போருக்குத் தாமே தேடிய பொருளாகக் கருதினர். தருமநடை நடத்துவோர் இந்த வேறுபாட்டைச் சற்றே நின்று நோக்குதல் தகும். பதாகையில் பொருளுதவிய வணிகரின் பெயர் பெரிதாகவும், எந்தப் பெண்களுக்காக நடை நிகழ்கிறதோ அவர்களின் கோரிக்கை சிறிதாகவும் எழுதப்படும் நடைகள் நம் நாட்டிலும் உண்டு.

மலைநாட்டு வரலாற்றுக்குத் திரும்புவோம். டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் 1931ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அத்தகைய சர்வசன வாக்குரிமை அதற்குமுன் கேட்டறியாதது. குடியிருப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு மலைநாட்டுப் பெண்களிலும் ஒரு பகுதியினர் வாக்களித்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்தன. பின்னர், 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என்று இரு நாட்டாரும் மக்களை எண்ணிப் பகிர்ந்தனர். பாட்டி நடந்து வந்த வழியே பேத்தி புகைவண்டியேறித் தலைமன்னாருக்குத் திரும்பினாள். தாய் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்களின் கதையை இராகலை, உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில் முதியோரைக் கேட்டால் இன்றும் சொல்வர். நாடற்றோர் என்னும் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முற்றாகத் தீர்ந்தது.

இதனிடையே 1984ஆம் ஆண்டில் ஒரு பெரும் வெற்றி கிட்டியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது தோட்டங்களில் நிலைபெற்றது. 54 சதத்துக்கும் 43 சதத்துக்கும் இடையே இருந்த பதினொரு சதத்தின் வேறுபாடு, வெவ்வேறு தொகைகளாக உருமாறி, ஐம்பத்தைந்து ஆண்டுகள் நீடித்திருந்தது. வேலைநிறுத்த நாள்களில் கூடையை இறக்கிவைத்த பெண்கள் இல்லையேல் அவ்வெற்றி இல்லை. கொழுந்து எடுப்பவர் நின்றால் தொழிற்சாலை நிற்கும். அவர்களுடைய பெயர்கள் தொழிற்சங்க வரலாற்று நூல்களில் அருகியே காணப்படுகின்றன. மேடையில் இருந்தோரின் பெயர்கள் தவறாமல் இருக்கின்றன.

கூலி சமமாயிற்று, வழி பாதுகாப்பானதாயிற்றா? 1977ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் லீட்சு முதலிய நகரங்களில் பெண்கள் இரவில் தீவட்டியேந்தி வீதிகளில் நடந்தனர். அப்பகுதியில் பெண்கள் பலர் அடுத்தடுத்துக் கொலையுண்டிருந்தனர். இரவில் வெளியே வராதீர்கள் என்று பொலிசார் பெண்களுக்கே அறிவுரை கூறினர். குற்றம் செய்வோன் வீதியில் உலவ, குற்றமற்றவள் வீட்டில் அடைபட வேண்டுமா என்பதே அந்நடை எழுப்பிய வினா. தேயிலை மலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இந்த அறிவுரையையும் கூற இயலாது. இருள் பிரியாத பனிமூட்டத்தில் அவள் வெளியே வந்தே ஆகவேண்டும். குளவிக் கூட்டுக்கும் சிறுத்தைக்கும் அஞ்சுவது ஒருபுறம். வேலையை ஏவும் அதிகாரம் உள்ளவரின் சொல்லுக்கும் பார்வைக்கும் அஞ்சுவது மறுபுறம். ஆடைத்தொழிற்சாலைக்கும் கொழும்பு வீடுகளுக்கும் வேலைக்குச் செல்லும் அவள் மகளின் அச்சம் இதனினும் பெரிது. 2021ஆம் ஆண்டில், வீட்டுவேலைக்குச் சென்றிருந்த மலைநாட்டுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் உயிரிழந்தபோது மலைநாட்டு நகரங்களில் பெண்கள் வீதிக்கு வந்தனர். அந்த ஊர்வலங்களை எவரும் விளம்பரம் செய்து கூட்டவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, கணவனாலோ உறவினராலோ துன்புறும் பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பாகப் பொலிசாரும் கோரலாம். முதலில் பதினான்கு நாள் வரை இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின்னர் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் நீதவான் பிறப்பிக்கலாம். 1938 என்னும் தொலைபேசி எண்ணில் மகளிர் உதவிச் சேவையும் உண்டு. ஆயினும், லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு நடந்து, அங்கிருந்து பேருந்தேறி, தமிழில் முறைப்பாடு எழுதுவோர் இருக்கும் பொலிஸ் நிலையத்தைத் தேடி, பின்னர் நீதிமன்றத்துக்குத் தவணைதோறும் செல்லும் பெண்ணுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலியை விழுங்கும். தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். நீதிமன்றம் சென்ற நாளில் பேர் விழாது. தருமநடையில் திரளும் பணத்துக்கு இதைவிட நேரான செலவு வேறு தேடவேண்டியதில்லை. இழந்த பேருக்கு ஈடும் பேருந்துக் கட்டணமும் கிடைத்தால் தவணைக்கு வரும் பெண்கள் பலராவர்.

மலைநாட்டுத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2023ஆம் ஆண்டில் ஒரு பெருநடை நிகழ்ந்தது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் கூட்டமைப்பினர் அதனை நடத்தினர். ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி, முன்னோர் நடந்த வடபாதையிலேயே மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகச் சென்று, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடந்தோரை வரவேற்றனர், உணவளித்தனர். பழைய நடைக்கும் இந்நடைக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றை மட்டும் கூறலாம். பழைய நடையில் பெண்கள் அரியர். இதிலோ அவர்கள் திரளாக முன்வரிசையில் நடந்தனர்.

அந்நடையினர் முன்வைத்த கோரிக்கைகள் பதினொன்று. வரலாற்றை ஏற்றுக்கொள்ளல், நிலவுரிமையும் வீட்டுரிமையும், தமிழ்மொழிக்குச் சமநிலை, அரசாங்க சேவைகளைச் சமமாகப் பெறுதல் ஆகியவை அவற்றுட் சில. வீட்டுவேலைத் தொழிலாளருக்கு முழுப் பாதுகாப்பு வேண்டும் என்பது ஒன்று. வாழ்க்கைக்குப் போதிய கூலியும், அக்கூலியில் ஆண் பெண் சமத்துவமும் வேண்டும் என்பது மற்றொன்று.

1984ஆம் ஆண்டிலேயே கிட்டிய சமத்துவத்தை 2023ஆம் ஆண்டில் மீண்டும் கேட்பானேன் என்று ஒருவர் வினவலாம். நாட்கூலியின் விகிதம் ஒன்றே. ஆனால் முழுப்பேர் பெறுவதற்குப் பெண் பறிக்கவேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று வேறுபடும். மழை பொய்த்தாலும், உரம் போடாமல் செடி மெலிந்தாலும், மலை புல்மண்டிக் கிடந்தாலும் அந்த நிறை குறைவதில்லை. குறைவாகக் கொண்டுவந்தவளுக்கு அரைப்பேர்தான். ஆண் தன் கணக்குவேலையை முடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் வேளையில், அவள் மடுவத்துத் தராசின் முன்னே வரிசையில் நிற்கிறாள். தராசில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ கழிப்பர். கழித்தது சரிதானா என்று அவள் கேட்பதற்கு இடமில்லை. கேட்பவளுக்கு மறுநாள் எட்டாத மலை கொடுக்கப்படும் என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. 2023ஆம் ஆண்டு நடையில் சேர்ந்த தோட்டப் பெண்கள் தாம் நடந்த ஒவ்வொரு வேலைநாளுக்கும் ஒரு பேரை இழந்தே நடந்தனர். உடப்புசல்லாவையில் நடை நடத்துவோர் நன்கொடைப் புத்தகத்தைத் திறக்கும்போது அந்தப் பேர்களையும் அதில் வரவு வைத்தல் முறை.